கஜலக்சுமிக்குப் பின் முதலாம் ஆண்டு

இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு சுவிஸின் ஓல்டன் நகரத்துக்கு ஒரு புதன்கிழமை வந்து சேர்ந்தது. தண்டவாளங்களைப் பார்த்தபடி நிற்கும் ஒரு நான்குமாடிக் கட்டிடத்தின் இரண்டாம் மாடி, இடக்கைப்பக்க வீட்டுக்கு மட்டும் அது வரவில்லை. அந்த வீட்டுக்கு ஐந்நூற்று முப்பத்தொன்றாம் ஆண்டு வந்தது. முருங்கைக்காய் கிலோ பதினெட்டுப் பிராங்குக்கு ஏறியதும் அதே கிழமைதான் என்பதால், ஓல்டன் தமிழர்கள் மத்தியில் முருங்கைக்காயைப் பற்றித்தான் கூடுதலாகக் கதை அடிபட்டது.

வீட்டுக்காரர் தம்பித்துரைக்கு அன்று அறுபத்தைந்து வயது, கடதாசியில். உண்மையில் அவர் ஆவணி மாதத்தில் பிறந்தவர். எண்பத்தெட்டில் வந்து இறங்கியபோது ஆவணி என்றால் எது என்று பதிவு எழுதுகிறவருக்கும் விளங்கவில்லை, விளங்கப்படுத்த இவருக்கும் பாஷை இல்லை. ஜனவரி ஒன்று என்று விழுந்துவிட்டது. அந்தக் காலத்தில் வந்தவர்களில் கனபேருக்கு ஜனவரி ஒன்றுதான் பிறந்தநாள், அன்றைக்கு ஆளை ஆள் வாழ்த்தியே டெலிபோன் சூடாகிவிடும். இந்த முறை அவர் டெலிபோனை எடுக்கவில்லை. மனைவி கஜலக்சுமி முந்திய மார்ச்சில் இறந்துபோனாள். ஒரே மகள் வேணுகா லொசானுக்குப் பக்கத்தில் ரெனானில் இருக்கிறாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து ரயில் ஏறியவள் பிறகு தகப்பனோடு கதைக்கவில்லை, வீட்டுப் பக்கம் வரவுமில்லை. வருகிற பங்குனியில் கஜலக்சுமியின் ஆட்டைத் திவசம், முதல் வருடத் திவசம். அதற்கு மகள் வரவேண்டும். புதுவருடத்திடம் தம்பித்துரை எதிர்பார்த்தது அந்த ஒன்றைத்தான், அந்தப் புதுவருடம்தான் அவர் வீட்டுக்கு வராமல் போனது.

முதலில் அவர் குலேந்திரனைத்தான் பிழை பிடித்தார். குலேந்திரன் தமிழ்க்கடை வைத்திருப்பவர், வருடா வருடம் லட்சுமி படம் போட்ட கலண்டர் இலவசமாகக் கொடுப்பார். முந்திய நாள் தம்பித்துரை தன் கையால் ஆணியில் கொழுவியபோது அதில் 2025 என்றுதான் இருந்தது. விடிந்து பார்த்தால் 531. அதற்குக் கீழே, தமிழ் வருடத்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், விளங்காத பாஷையில் ஒரு வரி. “அண்ணை, எழுநூறு கலண்டர் அடிச்சனான், ஒருத்தரும் குறை சொல்லேல்லை. கண்ணாடியை ஒருக்கால் செக் பண்ணுங்கோ,” என்றார் குலேந்திரன். தம்பித்துரை கலண்டரைக் கழற்றிக்கொண்டு கடைக்கு வெளிக்கிட்டார். வாசற்படியைத் தாண்டியதும் அது 2025 ஆனது. திரும்பி உள்ளே கொண்டுபோனால் 531. நான்கு முறை உள்ளும் வெளியுமாக நடந்து பார்த்தார், ஐந்தாம் முறைக்கு முழங்கால் விடவில்லை. நாட்கள் மட்டும் இம்மியும் பிசகவில்லை: இரண்டு ஆண்டும் புதன்கிழமை தொடங்குகின்றன, இரண்டிலும் பெப்ரவரி இருபத்தெட்டோடு முடிகிறது. இருபத்தாறு வருடம் பார்சல் பிரிக்கும் நிலையத்தில் நின்று வேலை செய்தவருக்கு இது விளங்காத பிழை இல்லை. ஒரே அளவு, ஒரே பாரம், ஒரே நிறப் பெட்டி என்றால் கை தவறத்தான் செய்யும். ஆண்டுகளைக் கொண்டுவந்து போடுகிறவரும் களைத்த மனிதராகத்தான் இருக்கவேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஐந்நூற்று முப்பத்தொன்று பெரிய ஆரவாரம் எதையும் செய்யவில்லை. மின்சாரம் வந்தது, அதற்குரிய பில்லும் வந்தது. பால் கெடவேண்டிய நாளில் கெட்டது. டெலிபோன் மட்டும் உள்ளே மணி அடிக்காது, வெளியே படிக்கட்டு முகப்பில் நின்றால் அடிக்கும். தேயிலை வெந்நீரின் சுவையில் இருந்தது. உருளைக்கிழங்கும் தக்காளியும் வாயில் வைத்தால் ஒன்றுமில்லை. எல்லாவற்றிலும் மோசம் மிளகாய்த்தூள்தான். அந்த ஆண்டில் ஓல்டனிலும் மிளகாய் இல்லை, யாழ்ப்பாணத்திலும் இல்லை. உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் யாருக்கோ மட்டும் தெரிந்த காய் அது. குசினி அலுமாரியில் ஒரு பழைய கோப்பிப் போத்தல் நிறையத் தூள் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்திய கிழமை கஜலக்சுமி வறுத்து அரைத்து வைத்த கடைசித் தூள் அது. அவளை எரித்த பிறகு ஒன்பது மாதமாக ஒவ்வொரு தேக்கரண்டியாக மிச்சம் பிடித்துச் சமைத்து வந்தவர், ஜனவரி இரண்டாம் திகதி ஒரு கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார். நிறம் இருந்தது, வாசம் அரைவாசி இருந்தது, உறைப்பு அறவே இல்லை. சட்டியை முன்னால் வைத்துக்கொண்டு அவர் அழுதார். பிறகு ஒரு யோசனை வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ப் படியில் குந்தினார். இரண்டாம் வாயில் உறைப்பு உச்சியில் ஏறியது. அன்று தொடக்கம் தம்பித்துரை மூன்று நேரமும் படிக்கட்டில் இருந்துதான் சாப்பிட்டார்.

இதை முதலில் கண்டவர் மேல்வீட்டு ஹுன்சிக்கர், லத்தீன் படிப்பித்து ஓய்வுபெற்ற அம்மையார். சுவிஸ் வழக்கப்படி அவர் பத்து நாள் காணாதது போல் கடந்து போனார், பதினோராம் நாள் நின்று வீட்டில் ஏதும் பழுதா என்று கேட்டார். தம்பித்துரை பார்சல் நிலையத்தில் பழகிய ஜெர்மனில் விஷயத்தைச் சொல்லி, உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் கலண்டரைக் காட்டினார். ஹுன்சிக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு அந்த வரியை உரக்க வாசித்தார். லம்பாதியுசும் ஒரெஸ்தேசும் பதவியில் இருந்ததற்கு அடுத்த ஆண்டு என்று அதற்கு அர்த்தம். ரோமர்கள் வருடம் பிறக்கும்போது இரண்டு பேரைப் பதவியில் ஏற்றுவார்கள், அந்த வருடத்துக்கு அந்த இரண்டு பேரின் பெயர்தான் பெயர். கடைசிக் காலத்தில் சில வருடம் ஒருவரையும் ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட வருடத்தைச் சொந்தப் பெயர் இல்லாததால் முந்தின ஆட்களின் பெயரால் எழுதினார்கள், இன்னாருக்கு அடுத்த ஆண்டு என்று. அதற்கு அடுத்த வருடமும் ஆள் இல்லை, அது இன்னாருக்குப் பின் இரண்டாம் ஆண்டு. ஐந்நூற்று முப்பத்தொன்று என்ற இலக்கம் பின்னாளில் துறவிகள் எண்ணிப் போட்டது, அந்த ஆண்டில் வாழ்ந்த சனத்தில் அநேகமாக ஒருவருக்கும் தாங்கள் ஐந்நூற்று முப்பத்தொன்றில் இருக்கிறோம் என்று தெரியாது.

“அவர்கள் இரண்டு பேரும் செத்துப்போனார்களா?” என்று கேட்டார் தம்பித்துரை.

“இல்லை, ஹெர் தம்பித்துரை. முறை முடிந்து வீட்டுக்குப் போனார்கள். அவர்களுடைய இடத்துக்கு யாரும் வரவில்லை.”

அம்மையார் போனபின் அவர் நெடுநேரம் கலண்டருக்கு முன்னால் நின்றார். அறுபது தமிழ் வருடப் பெயரும் அவருக்குத் தலைகீழாகப் பாடம். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும். ஆளில்லாமல் போனதால் பெயரில்லாமல் போன வருடத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை. குமிழ்முனைப் பேனையை எடுத்து அந்த லத்தீன் வரியை வெட்டிவிட்டு, கஜலக்சுமிக்குப் பின் முதலாம் ஆண்டு என்று எழுதினார். அந்த எழுத்து அழியவில்லை, வாசலுக்கு வெளியே கொண்டுபோனபோதும் மாறவில்லை.

இனி மணிக்கூட்டுக் கதையைச் சொல்லவேண்டும். தம்பித்துரை ஐயர் இல்லை, சாத்திரியும் இல்லை, ஆனால் ஓல்டனைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குள் திதி பார்க்க, பால் காய்ச்ச, பிள்ளைக்குப் பெயர் வைக்க என்று எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள். யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம் ஊர் நேரத்துக்குக் கணித்தது, அதிலிருந்து நாலரை மணித்தியாலத்தைக் கழித்தால் சுவிஸ் நேரம். இந்த ஐரோப்பாக்காரர்கள் மார்ச் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளி, ஒக்டோபரில் திரும்பப் பின்னால் இழுப்பது அவருடைய கணக்கைக் குழப்பியது. வெயிலுக்கு மணி சொல்லிக்கொடுக்கப் பார்க்கிற விசர்வேலை என்று அவர் அதை ஒரேயடியாக ஏற்க மறுத்தார். கஜலக்சுமி முதற் சம்பளத்தில் வாங்கிய சிவப்பு விளிம்பு மணிக்கூடு குசினிச் சுவரில் முப்பது வருடமாக மாரிகால நேரத்திலேயே ஓடியது. அவள் வயோதிபர் இல்லத்து உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்தவள், ஐந்து நிமிடம் பிந்தினாலும் முகம் சுழிப்பார்கள். ஆனபடியால் ஒவ்வொரு மார்ச் கடைசி ஞாயிறும் விடிய எழும்பி, +1 என்று எழுதிய மஞ்சள் கடதாசித் துண்டு ஒன்றை மணிக்கூட்டின் அடியில் ஒட்டுவாள். ஒக்டோபரில் எடுத்துவிடுவாள். இதைப் பற்றி அவர்களுக்குள் பேச்சு வார்த்தை இருந்ததில்லை. தான் முப்பது வருடம் ஒருநாளும் பிந்தாமல் வேலைக்குப் போனது தன்னுடைய கணக்கின் திறத்தால் என்றே தம்பித்துரை நினைத்திருந்தார்.

இரண்டாயிரத்து இருபத்துநான்கு மார்ச் முப்பதாம் திகதி மாலை கஜலக்சுமி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து டெலிபோன் எடுத்து, நாளைக்குப் பத்து மணிக்குப் பெரிய டொக்டர் வருகிறார், நீங்களும் நில்லுங்கோ, கொஞ்சம் கஞ்சியும் கொண்டுவாங்கோ என்றாள். மறுநாள் ஞாயிறு, மார்ச்சின் கடைசி ஞாயிறு. கடதாசித் துண்டு ஒட்டுகிறவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவர் குசினி மணிக்கூட்டைப் பார்த்தார், ஆறுதலாகக் குளித்தார், கஞ்சி காய்ச்சினார். ஓல்டனில் பத்து இருபது ஆனபோது அவருடைய சுவரில் ஒன்பது இருபது, அவர் கஞ்சியைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவள் போய்விட்டாள். கால் மணித்தியாலம் கழித்துச் சப்பாத்தைக் கட்டி, இருபது நிமிடம் நடந்து, பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது என்ற நிம்மதியோடு அவர் ஆஸ்பத்திரி விறாந்தைக்குள் நுழைந்தபோது சுவரில் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. வேணுகா கதவடியில் நின்றாள். அவள் தகப்பனைப் பார்க்கவில்லை, பிளாஸ்கைத்தான் பார்த்தாள்.

அதற்குப் பிறகும் தம்பித்துரை மணிக்கூட்டைத் திருத்தவில்லை. பிடிவாதம் என்று வெளியில் சொன்னார்கள். பயம் என்பதுதான் உண்மை. முள்ளை ஒரு மணித்தியாலம் தள்ளிவிட்டால் இந்த முப்பது வருடமும் தள்ளியிருக்கலாம் என்றாகிவிடும், அதைத் தாங்க அவருக்குத் தைரியம் இருக்கவில்லை.

பெப்ரவரியில் அவர் பஞ்சாங்கத்தை எடுத்தார். வீட்டுக்குள் அது வெறும் வெள்ளைத்தாள் கட்டு, அந்த ஆண்டில் அதைக் கணித்தவரின் பாட்டனுக்குப் பாட்டனும் பிறக்கவில்லை. படிக்கட்டுக்குக் கொண்டுபோய் விரித்தால் எழுத்துகள் வந்தன. அவள் போன திதி, பங்குனி அபரபக்கச் சட்டி, தேய்பிறையின் ஆறாம் நாள், இந்த முறை மார்ச் இருபது, வியாழக்கிழமை. அங்கேயே நின்று மகளுக்கு டெலிபோன் எடுத்தார். ஏழாம் முறைதான் அவள் எடுத்தாள்.

“அம்மா செத்தது முப்பத்தொண்டாம் திகதி, அப்பா. எனக்கு அந்த நாள்தான். உங்கடை பஞ்சாங்கக் கணக்கு எனக்கு வேண்டாம். அந்தக் கணக்காலைதானே...” என்று சொல்லிக்கொண்டு வந்தவள் இடையில் நிறுத்திவிட்டாள்.

ஊரெல்லாம் கெஞ்சியும் ஒரு திதியை ஒரு நாள்கூட நகர்த்திக் கொடுக்காத மனிதர் அவர். மாப்பிள்ளை வீட்டாருக்கு லீவு கிடைக்கவில்லை என்பதற்காகத் திதியும் நட்சத்திரமும் லீவு எடுக்குமோ என்று கேட்டு ஒரு கலியாணத்தையே ஆறு மாதம் தள்ளிவைக்கச் செய்தவர். “சரி பிள்ளை, முப்பத்தொண்டுக்கே செய்வம்,” என்றார்.

“பத்து மணிக்கு வாறன்,” என்றாள் வேணுகா. “பத்துக்கு.”

சட்டித் திதியன்று அவர் தனியே கோயிலுக்குப் போய் மோட்ச அர்ச்சனை செய்வித்தார், அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. மார்ச் முப்பது, ஞாயிற்றுக்கிழமை, விடிய எழும்பிக் கதிரையைப் போட்டு ஏறினார். மகள் வந்து அந்தச் சுவரைப் பார்க்கும்போது அது பத்து மணி காட்டவேண்டும். முள்ளை ஒரு சுற்று முன்னால் தள்ளினார். அவர் கதிரையை விட்டு இறங்கமுன் முள் தானாகவே பின்னால் வந்து பழைய இடத்தில் நின்றது. திரும்பத் தள்ளினார், திரும்ப வந்தது. ஐந்நூற்று முப்பத்தொன்றில் அப்படியொரு மணித்தியாலத்தைத் தள்ளுகிற வழக்கம் கிடையாது. முப்பது முறை வாசலில் வந்து நின்ற அந்த மணித்தியாலத்தை அவர் உள்ளே எடுக்கவில்லை. இப்போது அவர் வாவென்று கூப்பிடுகிறார், வீடு விடமாட்டேன் என்கிறது. மத்தியானம் வரைக்கும் அவர் கதிரையில் நின்று அந்த முள்ளோடு மல்லுக்கட்டினார், தோள்மூட்டு வலி கண்டதுதான் மிச்சம்.

பின்னேரம் மணிக்கூட்டை ஆணியிலிருந்து கழற்றினார். பின்பக்கத்தில் ஒரு மஞ்சள் கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது, அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வாசற்படியைத் தாண்டியபோது முள் ஒரு சுற்றுச் சுற்றி ஓல்டன் நேரத்துக்கு வந்து நின்றது, துண்டில் கஜலக்சுமியின் கையெழுத்தில் +1 தெரிந்தது. ஒக்டோபரில் எடுத்து அவள் அதை எறியவில்லை, அடுத்த மார்ச்சுக்கென்று பின்பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறாள். முப்பது வருடம் ஒரே துண்டு. தம்பித்துரை அதைச் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, படிக்கட்டுச் சுவரில் ஓர் ஆணி அடித்து மணிக்கூட்டை வெளியே மாட்டினார். படிக்கட்டில் எதுவும் வைக்கக்கூடாது என்று கட்டிட நிர்வாகம் பின்னர் இரண்டு கடிதம் அனுப்பியது. அதற்குள் கட்டிடத்தின் பொது உடுப்புத் தோய்க்கும் அறையில் முறை மாறும் நேரத்தை எல்லாக் குடித்தனமும் அதில் பார்த்துப் பழகிவிட்டதால், மூன்றாம் கடிதம் வரவில்லை.

திங்கட்கிழமை பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்க வேணுகா படியேறி வந்தாள். முகப்பில் ஒரு மடிப்பு மேசையும் அதன்மேல் தாயின் படமும் தலைவாழையிலையும் இருந்தன. பருப்பு, கத்தரிக்காய்ப் பாற்கறி, வாழைக்காய்க் குழம்பு, வடை, பாயாசம். குழம்பைத் தகப்பன் வாசலால் தூக்கி வரும்போது வாசம் திடீரென்று நிமிர்ந்து எழும்பியது. அவள் மணிக்கூட்டைத்தான் முதலில் பார்த்தாள்.

“எப்ப மாத்தினீங்கள்?”

“நேற்று. உள்ளுக்கை மாறுதில்லை, பிள்ளை. வெளியிலை கொண்டந்துதான்...”

அவள் கற்பூரம் கொளுத்தினாள். படைத்து முடிந்து இருவரும் படியில் ஒருவருக்கு மேல் ஒருவராக இருந்து சாப்பிட்டார்கள். இரண்டாம் வாயில் அவளுடைய கை நின்றது. “இது அம்மான்ரை தூள்,” என்றாள். “ஓம், கடைசிப் போத்தல்,” என்றார் அவர். அதற்குப் பிறகுதான், சுவரைப் பார்த்துக்கொண்டு, அவள் அதைச் சொன்னாள்.

“பத்து மணியாகேக்கை அம்மா சிரிச்சவ, அப்பா. ‘கொப்பர் இப்ப ஒன்பது எண்டு ஆறுதலா இருப்பார், கடதாசி ஒட்டாமல் வந்திட்டன், போன் எடுத்துச் சொல்லு’ எண்டு சொன்னவ. நான் எடுக்கேல்லை. ஒருக்கால் எண்டாலும் உங்களுக்குப் பிழை தெரியட்டும் எண்டு நினைச்சன். டொக்டர் வந்திட்டுப் போவார், நீங்கள் வந்து முழிப்பீங்கள், அவ்வளவுதான் எண்டு... அம்மா அப்பிடிப் போவா எண்டு எனக்குத் தெரியாது.” அவளுடைய கைச்சோறு காய்ந்துபோயிற்று. “இருபது நிமிசம் போன் என்ரை கையிலை இருந்தது.”

தம்பித்துரைக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது, அதற்குப் பதிலாக எங்கே வைப்பதென்று தெரியாத ஒரு துக்கம் வந்தது. ஒரு வருடமாகத் தான் ஒருவனே சுமந்ததாக நினைத்ததை இந்தப் பிள்ளை ரெனானில் தனியாக இருந்து சுமந்திருக்கிறது. ஒரு மணித்தியாலத்தை ஏற்காத தகப்பனுக்கு ஒரு டெலிபோன் எடுக்காத பிள்ளை. இரண்டு பேருக்கும் நடுவில் கஜலக்சுமி கஞ்சிக்குக் காத்திருந்து போய்விட்டாள். “குழம்பை இன்னும் கொஞ்சம் விடட்டோ?” என்று கேட்டார். அவள் இலையை நீட்டினாள். அன்று அவள் வீட்டுக்குள் வரவில்லை, ஒன்றரை மணி ரயிலுக்குப் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு டெலிபோன் எடுத்தாள், அதற்கு அடுத்த ஞாயிறும் எடுத்தாள். அவர் படிக்கட்டில் நின்று கதைத்தார், வீட்டுக்குள் நடக்கிற ஆண்டைப் பற்றியும் சொன்னார்.

அந்த ஆண்டின் மிச்சத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓய்வூதியம் வரத் தொடங்கியது. ஹுன்சிக்கர் அம்மையார் மிளகாய் இல்லாத உலகத்தைப் பார்க்கவென்று இடைக்கிடை வந்து, தன் வயிற்றுக்கு இது ஏற்றது என்று சொல்லி இரண்டு முறை அங்கேயே சாப்பிட்டார். இரண்டாயிரத்து இருபத்தாறும் அந்த வீட்டுக்கு வரவில்லை. ஐந்நூற்று முப்பத்திரண்டு வந்தது, அதுவும் ஊரைப் போலவே வியாழக்கிழமை தொடங்கியது. தம்பித்துரை பேனையை எடுத்து, இரண்டாம் ஆண்டு என்று எழுதினார். இந்த முறை ஒரு வித்தியாசம் இருக்கிறது என்று அம்மையார் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்: ஐந்நூற்று முப்பத்திரண்டில் பெப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். அவர் சொன்னபடியே ஓல்டனில் மார்ச் முதலாம் திகதி ஞாயிறு நடந்தபோது இரண்டாம் மாடி இடக்கைப்பக்க வீட்டில் பெப்ரவரி இருபத்தொன்பது ஞாயிறு நடந்தது. அன்றிலிருந்து வீடு ஊருக்கு ஒரு நாள் பின்னால் ஓடுகிறது. தம்பித்துரை சட்டைப்பையிலிருந்த மஞ்சள் துண்டை எடுத்து, வெளிப்பக்கமாகக் கதவு நிலையில் ஒட்டினார்.

மார்ச் முப்பத்தொன்று, செவ்வாய்க்கிழமை, வேணுகா பத்து மணிக்கு வந்தாள். போன வருடம் போலவே மேசை, படம், இலை. போத்தலின் அடியைச் சுரண்டி வைத்த குழம்பு. சாப்பிட்டுக் கை கழுவக் குனிந்தபோதுதான் அவள் நிலையில் இருந்த துண்டைக் கண்டாள். தாயின் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“இது ஏன் இஞ்சை?”

“உள்ளுக்கை ஒரு நாள் குறைவு. மறக்காமல் இருக்க ஒட்டினனான்.”

“அப்ப உள்ளுக்கை இண்டைக்கு என்ன திகதி?”

“முப்பது, அம்மா போறதுக்கு முந்தின நாள்,” என்றார் தம்பித்துரை.

வேணுகா சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் சோடியாக வைத்துவிட்டு உள்ளே போனாள். இரண்டு வருடமாகக் காணாத வீட்டை அறை அறையாகப் பார்த்தாள், குசினிச் சுவரில் வெறுமனே நின்ற ஆணியைப் பார்த்தாள், தாய் இருக்கும் கதிரையில் இருந்தாள். தேயிலைக்குச் சுவை இல்லாததால் அவர் மல்லியும் இஞ்சியும் போட்டு அவித்துக் கொடுத்தார். பொழுது சாயுமட்டும் அவள் அங்கே இருந்தாள். வெளிக்கிடும்போது, நாளைக்குக் காலமை நான் போன் எடுப்பன், வெளியிலை நில்லுங்கோ என்றாள்.

அடுத்த நாள் ஊரில் ஏப்ரல் முதலாம் திகதி, வீட்டில் மார்ச் முப்பத்தொன்று. படிக்கட்டு மணிக்கூட்டில் ஒன்பதாகும்போது டெலிபோன் அடித்தது. “அப்பா, மணி மாறியிட்டுது. பத்துக்கு அங்கை நிக்கோணும். அம்மா சொல்லச் சொன்னவ. இப்பவே வெளிக்கிடுங்கோ,” என்றாள் வேணுகா. “ஓம் பிள்ளை, வெளிக்கிடுறன்,” என்றார் அவர். கஞ்சி ஏற்கெனவே பிளாஸ்கில் இருந்தது. இருபது நிமிடம் நடந்து, ஒன்பதரைக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் மர வாங்கில் போய் இருந்தார். அன்றைக்குக் குளிர் ஆறு பாகை, மழை இல்லை. பத்து இருபது தாண்டும் வரைக்கும் இருந்துவிட்டு, கஞ்சியைத் தானே குடித்து, பிளாஸ்கை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.